துரையின் சைவம்

வில்வடி ஒழுங்கைக்குக் குடிவந்த முதல் கிழமை அருமைநாயகிக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. அவள் பிறந்து வளர்ந்த குருநகரில் ஒரு வீட்டில் சட்டி விழுந்தால் நாலாவது வீட்டிலிருந்து "என்னடி உடைஞ்சது?" என்று கேட்பார்கள். வள்ளம் கரைக்கு வந்தால் கூச்சல், மீனுக்கு விலை கூறினால் கூச்சல், கோயில் மணி அடித்தால் அதற்கும் மேலாலே கூச்சல். கந்தர்மடத்தின் இந்தச் சின்ன ஒழுங்கையிலோ பதினொரு வீடு இருந்தும், பகல் பத்து மணிக்கு ஒரு சைக்கிள் மணி கேட்டால் அதுவே பெரிய செய்தி.

யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள். ஒரு தேவாலயத்தில் ஐந்து மாதம், ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றேகால் வருடம் என்று இழுபட்டு, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசியில்தான் பராசக்தி வீட்டின் பின்னறை கிடைத்தது. அருமைநாயகி, புருஷன் சிமியோன், பள்ளிக்குப் போகிற இரண்டு பெட்டைகள், ஆக நாலு பேர். பராசக்தி தனியாள். பிள்ளைகள் கனடாவில். இரக்கமுள்ள மனுஷி, நிபந்தனையும் அதிகமில்லை.

"மச்சம் சமைக்கிறதெண்டால் பின்னாலை அந்தக் கொட்டிலுக்கை சமை பிள்ளை. வெள்ளிக்கிழமையிலை மட்டும் வேண்டாம். மற்றும்படி உன்ரை வீடு மாதிரி இரு."

மீன் வாசம் தன் குசினிக்குள் வராதவரைக்கும் பராசக்திக்கு எல்லாம் சம்மதம். அருமைநாயகிக்கும் அது போதும். விடிய முன்னமே சிமியோன் சைக்கிளில் பாசையூர்க் கரைக்குப் போய்விடுவான். அங்கே செபநாயகம் என்ற சொந்தக்காரனோடு சேர்ந்து கரையோரமாக வலை கட்டி, வெயில் ஏற முன்னர் கைமீனோடு திரும்பி வருவான். அவள் கொட்டிலுக்குள் இருந்து மீனை வெட்டிக்கொண்டு, கிடுகு வேலியின் ஓட்டைக்குள்ளால் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பதற்கும் இருந்தது. அஞ்சாம் வீட்டு ஐயா தினமும் ஏழு மணிக்குப் படலையைத் திறந்து, ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று திருப்திப்பட்டுக் கொண்டு படலையைச் சாத்துவார். தபால்காரர் வந்தால் எல்லா வேலியும் ஒருதரம் சரசரக்கும். ஆனால் ஒரு தலையும் வெளியே வராது.

ஒருநாள் மேற்கு வளவில் யாரோ பெண் கோபமாகப் பேசுவது கேட்டது. "நேற்றுத் தந்த அரிவாளை இண்டைக்குத் தரவேணும் எண்டு உனக்குத் தெரியாதோ? கேட்டு வாங்கவோ வேணும்?"

அருமைநாயகி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முன்னால் ஒரு கோழி மட்டும் நின்றது.

"ஆரோடை அக்கா கதைக்கிறா?" என்று பராசக்தியைக் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரியோடை. இஞ்சை ஆரும் முகத்துக்கு நேரை சொல்லமாட்டினம் பிள்ளை. கோழிக்குச் சொல்லுவினம். கேக்கவேண்டிய ஆள் கேட்டுக்கொள்ளும்." சற்று நேரத்தில் அரிவாள் வேலிக்கு மேலால் வந்து சேர்ந்ததை அருமைநாயகி தன் கண்ணாலேயே பார்த்தாள்.

முதலில் வந்தது பராசக்தியின் சாம்பல் பூனை. அதுவரை காலமும் மதியம் விறாந்தையில் படுத்திருந்தது, திரளி மீன் வெட்டிய அன்று எழும்பிக் கொட்டிலுக்கு நடந்து வந்தது. பிறகு அது திரும்பிப் போகவில்லை. அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் ஒற்றைக் காதுப் பூனை ஒன்று. வந்தவை எல்லாம் கத்தின, காலைச் சுற்றின, ஒன்றையொன்று உறுமின. அருமைநாயகிக்கு அது பிடித்திருந்தது. ஒழுங்கைக்கு வந்ததிலிருந்து அவளிடம் வாய்விட்டு எதையாவது கேட்டவர்கள் அவைதான்.

ஐந்தாம் நாள் ஒரு வெள்ளைப் பூனை வந்தது. நல்ல கொழுத்த உடம்பு, ஒரு கண்ணுக்கு மேலே கறுப்புப் பொட்டு. மற்றவை போலக் கிட்ட வரவில்லை. வேலிக் கதியாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு சூடை மீன் தலையை எறிந்தாள். அது எழும்பி வந்து, மணந்து பார்த்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு தின்றது. அவ்வளவு பக்தியோடு மீன் தின்ற பூனையை அவள் குருநகரிலும் கண்டதில்லை.

அன்று பின்னேரம் அவள் தண்ணீர் அள்ளப் போனபோது ஞானாம்பிகை ரீச்சர் கிணற்றடியில் நின்றார். பராசக்தி வளவுக்கும் ரீச்சர் வளவுக்கும் பொதுவான கிணறு அது. ரீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சமயமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவர். சுத்த சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது.

"கொட்டிலடியிலை பூனையள் கனக்க நிக்குது போலை," என்றார்.

"ஓம் ரீச்சர். மீன் மணத்துக்கு வருகுதுகள்."

"மற்றப் பூனையள் அப்பிடித்தான். எங்கடை துரை மச்சம் தொடமாட்டான். பிறந்ததிலையிருந்து பாலும் சோறும்தான். நாங்கள் வளர்த்த வளர்ப்பு அப்பிடி. மீன் மணம் பட்டாலே முகத்தைச் சுழிப்பான்."

"துரை எண்டால்..?"

"வெள்ளை. கண்ணுக்கு மேலை ஒரு பொட்டு."

அருமைநாயகி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அது தண்ணீரில் விழுகிற சத்தம் வரும்வரைக்கும் குனிந்தபடியே நின்றாள். சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வந்து பத்து நாளாகவில்லை. ரீச்சர் மாதிரி ஒரு ஆளின் பெருமையை உடைத்துக்கொண்டா இந்த ஒழுங்கையில் இருக்கமுடியும்?

சிமியோனிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "சொல்லிப்போடாதை அருமை. பாவம், அவனும் எத்தினை வருசம் பருப்பைத் திண்டிருப்பான்."

சொல்லாமலே ஒரு மாதம் ஓடியது. அந்த ஒரு மாதத்துக்குள் ஒழுங்கையில் எலி பெருகிவிட்டது.

அந்த நாட்களில் எந்த வீட்டிலும் ஒரு மூட்டை நெல்லாவது, மாவாவது சேர்த்து வைத்திருந்தார்கள். எதற்கு எப்போது தட்டுப்பாடு வரும் என்று யாருக்கும் தெரியாது. எலிகளுக்கு அதுவே கொண்டாட்டமாகிவிட்டது. அஞ்சாம் வீட்டு ஐயாவின் நெல்மூட்டையில் ஓட்டை. மேற்கு வளவு அரிவாள் வீட்டில் மெழுகுதிரி மூன்று காணாமல் போயிற்று. கடைசியாக ரீச்சர் வீட்டில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம். ரீச்சரின் புருஷன் பஞ்சலிங்கம் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்கர். வவுனியாவிலிருந்து அவருடைய தங்கை ஆள்மூலம் கொடுத்துவிட்ட வாசனைச் சவர்க்காரம் ஒன்றை, நல்ல நாள் பெருநாளுக்கென்று கடதாசி பிரிக்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள். எலி கடதாசியை மட்டும் மிச்சம் விட்டிருந்தது.

"சவர்க்காரம் திண்ட எலி இப்ப எங்கடை வீட்டிலை என்னை விட வாசமாய்த் திரியுது," என்றார் பஞ்சலிங்கம் ஒழுங்கைக்குக் கேட்கும்படி. அவர் ஒருவர்தான் அங்கே கொஞ்சம் உரத்துப் பேசுகிறவர்.

அப்போதுதான் ஒவ்வொரு வீடாக யோசித்தார்கள். பூனைகள் எங்கே?

மறுநாள் காலை ரீச்சர் வேலியோரம் வந்து நின்று, முருங்கை மரத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். "சில வீடுகளிலை தீனி போட்டு ஊர்ப் பூனையளை எல்லாம் பழக்கி வைச்சிருக்கினம். எலி பிடிக்கவேண்டியது எலி பிடிக்க வேண்டாமோ?"

கொட்டிலுக்குள் இருந்த அருமைநாயகிக்கு அது தனக்கு என்று விளங்கியது. குருநகர் என்றால் எழும்பிப் போய் இடுப்பில் கையை வைத்திருப்பாள். இங்கே அது சரிவராது. அவள் தன் முன்னால் நின்ற ஒற்றைக் காதுப் பூனையைப் பார்த்து, "நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. வந்தவைக்குத் தலையைக் குடுத்தன். இனிக் குடுக்கேல்லை, சரியோ?" என்றாள். சொன்ன பிறகு தனக்கும் இந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பின்னேரம் பராசக்தி வந்தார். பூனைகளை ஒருதரம் எண்ணிப் பார்த்தார். ஏழு. அதில் ஒன்று தன்னுடையது என்பதால் கொஞ்சம் வெட்கமும் பட்டார்.

"சனம் கதைக்குது பிள்ளை. எனக்கு உங்களிலை ஒரு குறையும் இல்லை. ஆனால் என்னட்டை வந்து சொல்லுகினம். நான் என்ன சொல்லுறது?"

அருமைநாயகிக்குத் தேவாலயமும் பள்ளிக்கூடமும் நினைவுக்கு வந்தன. மறுபடியும் பாயையும் சட்டியையும் கட்டிக்கொண்டு எங்கே போவது? பெட்டைகள் இப்போதுதான் புதுப் பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு நாளும் மீன் தலைகளை எல்லாம் குழி தோண்டித் தாட்டாள். பூனைகள் குழியைச் சுற்றி உட்கார்ந்தன. தண்ணீர் தெளித்தாள். நனைந்தபடி உட்கார்ந்தன. மூன்றாம் நாள் அவற்றின் முகத்தைப் பார்க்க மாட்டாமல், "இண்டைக்கு ஒருநாள்தான்" என்று சொல்லித் துரைக்கு மட்டும் ஒரு பெரிய ஒட்டி மீன் தலையை வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஞானாம்பிகை ரீச்சர் பராசக்தியின் வளவுக்குள்ளால் நடந்து வந்து கொட்டில் வாசலில் நின்றார். அவர் அந்தப் பக்கம் வருவது அதுவே முதல் தடவை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

துரை ஒட்டித் தலையைக் கவ்வியபடி அவரை நிமிர்ந்து பார்த்தது.

ஒற்றைக் காதுப் பூனைகூட அசையவில்லை.

"உது எங்கடை துரை இல்லை," என்றார் ரீச்சர்.

"இல்லையோ, ரீச்சர்?"

"இல்லை. உது வேறை பூனை. எங்கடை துரை உப்பிடி இல்லை."

துரை தலையைக் கீழே வைத்துவிட்டு, எழும்பி வந்து, மீன் பட்ட வாயை ரீச்சரின் வெள்ளைச் சேலைக் கரையில் இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்தது. பிறகு அவர் காலடியில் படுத்து வயிற்றைக் காட்டிப் புரண்டது.

ரீச்சரின் முகத்தில் நடந்த மாற்றத்தை அருமைநாயகியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கண் கலங்கியே விட்டது அவருக்கு. ஒரு பூனைக்காக யாரும் அழுவதை அவள் கண்டதில்லை. ரீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை என்று பராசக்தி ஒருநாள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ரீச்சர், நீங்கள் குறை நினைக்காதேங்கோ. அவன் இஞ்சை திண்டாலும் உங்கடை பிள்ளைதான். பின்னேரமானால் உங்கடை வீட்டுக்குத்தானே ஓடுறான்? நான் ஒருநாளும் மறிச்சு வைச்சதில்லை."

ரீச்சர் மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தார். "எவ்வளவு நாளாய்?"

"ஒரு மாசமாய்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடி ரீச்சர் சொல்லுறது? நீங்கள் அவ்வளவு சந்தோசமாய்ச் சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள்."

அப்போதுதான் அருமைநாயகிக்கு அந்த யோசனை வந்தது. வந்ததை அப்படியே, பூனைக்கும் கோழிக்கும் சொல்லாமல், நேராகச் சொன்னாள்.

"தலை இஞ்சை இருக்கிறபடியால்தானே பூனையள் இஞ்சை நிக்குது? தலை உங்கடை வளவிலை இருந்தால் அங்கை நிக்கும். நான் காலமையிலை வெட்டின உடனை வீடு வீடாய்க் கொண்டுவந்து தாறன். பூனைக்கு மட்டும். உங்கடை வாசல்படி மிதிக்கமாட்டன், வேலியடியிலை வைச்சிட்டுப் போறன்."

"எங்கடை வளவுக்கை மீன் தலையோ?" ரீச்சர் ஒரு அடி பின்னுக்குப் போனார்.

இந்த விஷயத்தை முடித்து வைத்தவர் பஞ்சலிங்கம். "எலி சவர்க்காரம் தின்னலாம், பூனை மீன் தின்னக்கூடாதோ?" என்று கேட்டார். ஒழுங்கைக்குள் இரண்டு நாள் ஒரே குசுகுசுப்பு. பின்வளவில், கிணற்றுக்கும் சாமியறைக்கும் தூரமாக, வெள்ளிக்கிழமை தவிர என்று முடிவானது.

அதன்பிறகு காலை எட்டு மணிக்கு அருமைநாயகி ஒரு ஓலைப் பெட்டியோடு வெளிக்கிடுவாள். தலைகளைப் பூவரசமிலையில் தனித்தனியாகச் சுற்றியிருப்பாள். பூனைகள் ஊர்வலம் போல அவளுக்குப் பின்னால் போகும். தங்கள் தங்கள் வீட்டு வேலியடியில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அஞ்சாம் வீட்டு ஐயா படலையைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருப்பார். அரிவாள் வீட்டுக்காரி கையை நீட்டியே வாங்குவாள். அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மச்சம் சாப்பிடுவார்கள், அதை வெளியே சொல்வதில்லை. ரீச்சர் மட்டும் நீளமான பூவரசந் தடியின் நுனியில் ஒரு சிரட்டையைக் கட்டி வைத்திருந்தார். இலைப் பொட்டலத்தை அதில் ஏந்தி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, எட்டடி தூரத்தில் கவிழ்ப்பார். இரண்டொரு தடவை அது தலைகீழாக அவர் காலிலேயே விழுந்து, அவர் போட்ட சத்தத்துக்கு ஒழுங்கை முழுக்க வெளியே வந்து பார்த்தது.

மூன்று கிழமைக்குள் எலி குறைந்துவிட்டது. பராசக்தியிடம் யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணி பிறந்த ஒரு காலையில் துரையைக் காணவில்லை. பொட்டலம் வேலியடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. ரீச்சர் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் தேடினார். கூரையில் பார்த்தார், கிணற்றுக்குள் பார்த்தார், பஞ்சலிங்கத்தைச் சைக்கிளில் பலாலி வீதிவரை அனுப்பினார். நடுப்பகலில் சிமியோன் அடுத்த நாளுக்கு வலை எடுத்து வைக்கக் கொட்டிலுக்குள் போனவன், போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அருமை, ரீச்சரைக் கூப்பிடு. கெதியாய்க் கூப்பிடு."

அவள் வேலியடிக்கு ஓடிப்போய்த் தன் குருநகர்க் குரலை முழுதாக அவிழ்த்துவிட்டாள். "ரீச்சர்! துரை இஞ்சை! ஓடி வாங்கோ!"

மூலையில் குவித்து வைத்திருந்த வலையின் நடுவில் துரை சுருண்டு படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாலு குட்டிகள். இரண்டு வெள்ளை, ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு. கண் திறக்காமல் பால் குடித்துக்கொண்டிருந்தன.

பஞ்சலிங்கம் வெகுநேரம் பார்த்தார். "விஞ்ஞான ரீச்சர் வீட்டிலை மூண்டு வருசமாய் வளர்ந்த ஆம்பிளைப் பிள்ளை," என்றார் மெதுவாக. சிமியோன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ரீச்சருக்குச் சிரிப்பதற்கும் நேரமில்லை, கோபிப்பதற்கும் நேரமில்லை. மூக்கைப் பொத்த மறந்து, மீன் வெட்டுகிற பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உவள் இஞ்சை வந்து ஏன் பெத்தவள்? எங்கடை வீட்டிலை பழைய சேலை விரிச்சுப் பெட்டி வைச்சிருக்கு."

"வலை மெத்தை மாதிரி இருந்திருக்கும், ரீச்சர். தூக்கிக் கொண்டு போறியளோ?"

"வேண்டாம் வேண்டாம். மனுசக் கை பட்டால் குட்டியளைக் காவிக்கொண்டு வேறை எங்கையும் போயிடுவாள். பத்து நாளுக்குக் கிட்டப் போகக்கூடாது." பிறகுதான் வலை கண்ணில் பட்டது. "ஐயையோ, உங்கடை தொழில் வலையெல்லோ?"

சிமியோன் வாசலில் நின்றபடி தலையைச் சொறிந்தான். "பரவாயில்லை ரீச்சர். பிள்ளைப் பெத்தவளை எழுப்பிறதே? செபநாயகத்திட்டை ஒரு பழைய வலை கிடக்கு, இரவல் வாங்கிறன். கிழிசல்தான். மீன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

குறையத்தான் செய்தது. அந்தப் பத்து நாளும் ஒழுங்கைப் பூனைகளுக்குப் பொட்டலம் சிறுத்தது. ஒரு வீடும் முறைப்பாடு சொல்லவில்லை. மாறாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் குட்டி பார்க்க வந்தார்கள். பின்படலையால் கூச்சத்தோடு நுழைந்து, கொட்டில் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, அப்படியே அருமைநாயகியோடு நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போனார்கள். அஞ்சாம் வீட்டு ஐயா கறுப்புக் குட்டியைத் தனக்கென்று சொல்லி வைத்தார். ரீச்சர் காலையும் மாலையும் வந்தார். மாலையில் வந்தால் கொப்பி திருத்துகிற வேலையையும் பலகையில் இருந்தே செய்தார்.

நாலாம் நாள் அவர் எதையோ கேட்க வாயெடுப்பதும் விடுவதுமாக இருந்தார். துரையைப் பார்த்து, "பால் காணாது போலை கிடக்கு, என்னம்மா?" என்றார். கதியாலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் அருமைநாயகியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, பிள்ளை பெத்தவைக்குப் பால் சுரக்கிறதுக்கு ஏதோ சுறா குடுக்கிறவை எண்டு சொல்லுறவை. உண்மையோ?"

"ஓம் ரீச்சர். பால்சுறா. நானும் இரண்டு பெட்டையளுக்கும் திண்டனான்."

"அது... அது கிடைக்குமே?"

அருமைநாயகி சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "இவரிட்டைச் சொல்லிவிடுறன் ரீச்சர்."

சிமியோன் பாசையூர்ச் சந்தையில் விசாரித்து, கிடைக்காமல், வடமராட்சியிலிருந்து சைக்கிளில் மீன் கட்டி வருகிறவன் ஒருவனைப் பிடித்து, அதிலிருந்து மூன்றாம் நாள் முழங்கை நீளத்தில் ஒரு பால்சுறாவைக் கொண்டு வந்து சேர்த்தான். ஒரு பூனைக்கு என்று சொன்னபோது அந்த மீன்காரன் நம்பவில்லையாம்.

அருமைநாயகி உப்பும் உறைப்பும் போடாமல் அதை அவித்தாள். தோலை உரித்து, முள்ளை எடுத்து, விரலால் உதிர்த்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். ரீச்சர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஆறிவிட்டதா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் சின்னதாய் உதிர்க்கச் சொன்னார். பிறகு கோப்பையைத் தன் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, வலையின் ஓரத்தில் வைத்தார்.

துரை குட்டிகளை உதறிவிட்டு எழும்பி வந்து தின்றது. கோப்பையை நக்கித் துடைத்த பிறகும் அதை விடவில்லை.

"திண்டிட்டாள்," என்றார் ரீச்சர், பரீட்சையில் பிள்ளை தேறிய மாதிரி. பிறகு அருமைநாயகியைப் பார்த்தார். "நீர் காலமை ஏதும் சாப்பிட்டனீரே?"

"இல்லை ரீச்சர், இனித்தான்."

"அப்ப எழும்பி வாரும். எங்கடை வீட்டிலை இடியப்பம் அவிச்சிருக்கு."

அருமைநாயகி தன் கையைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். "மீன் மணக்கும் ரீச்சர். நான் இன்னொரு நாளைக்கு வாறன்."

"கிணத்தடியிலை கழுவிப்போட்டு வாரும். நானும்தானே கழுவ வேணும்."

இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனார்கள். அருமைநாயகி தண்ணீர் அள்ளி ஊற்ற, ரீச்சர் கழுவினார். பிறகு ரீச்சர் வாளியை வாங்கி ஊற்ற, அவள் கழுவினாள். ஒருதரம் கழுவி, மணந்து பார்த்து, மறுபடி நீட்டி, மூன்றாம் தடவையும் நீட்டியபோது ரீச்சர் வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டார்.

"கழுவினது காணும், வாரும். சொதி ஆறப்போகுது."